குழாயடிச் சங்கத்தின் துரோகி

எங்கள் தெருவில் பேண்டேஜ் ரோல் சுற்றுவதில் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. இரண்டாவது இடம் எனக்குத்தான் என்று பத்து வயதில் நானே முடிவு செய்து வைத்திருந்தேன். யாரும் என்னிடம் கருத்துக் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, எனக்கு வாய் இல்லையா? போகிற வருகிறவர்களிடமெல்லாம் நானே சொல்லிக்கொள்வேன்.

அது எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் எங்கள் பக்கத்து ஆண்களுக்குப் பஞ்சு மில், பெண்களுக்குப் பேண்டேஜ். இரண்டுக்கும் ஒரே முதலாளி. ஆஸ்பத்திரிக் கட்டுத்துணியை வெளுத்து, நீளநீளமாக வெட்டி மூட்டையாக வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். பலகையில் அறைந்த ஒரு சின்ன மிஷின் இருக்கும். துணியின் நுனியைக் கம்பியில் மாட்டிக் கைப்பிடியைச் சுழற்றினால் ரோல் ஆகிவிடும். கம்பியை உருவிவிட்டு, கடைசி நுனியை மடித்துச் செருகவேண்டும். இந்தச் செருகலில்தான் ஆளுக்கு ஒரு கை. சிலர் நேராகச் செருகுவார்கள், சிலர் இரட்டையாக மடித்துச் செருகுவார்கள். அம்மா ஓரத்தை வெற்றிலை மடிக்கிற மாதிரி கோணலாக மடித்து உள்ளே தள்ளுவாள். நானும் அப்படியேதான் செய்வேன். ரோலைப் பார்த்தே எந்த வீட்டுச் சரக்கு என்று தெருப் பெண்கள் சொல்லிவிடுவார்கள்.

அப்பா மில் சங்கத்தில் கமிட்டி உறுப்பினர். அம்மா குழாயடிச் சங்கத்தில் எல்லாமும். அந்தப் பெயரை வைத்தது மில் சங்கத்து ஆண்கள்தான், கேலிக்காக. மூன்று தெருவுக்கு ஒரே குழாய் இருந்த காலத்தில் பெண்கள் காலிக்குடத்தோடு முனிசிபல் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்து, இரண்டாவது குழாய் வாங்கி வந்தார்கள். அதிலிருந்து ஒன்றுகூடிப் பேசுவது பழக்கமாகிவிட்டது. இருபத்து மூன்று பெண்கள். ரசீது கிடையாது, கொடி கிடையாது, குடம் மட்டும் உண்டு.

அந்த வருஷம் முழுப்பரீட்சை லீவில் மில்லில் ஸ்டிரைக் வந்தது. ஷிப்ட் நேரத்தைக் கூட்டியதைத் தட்டிக்கேட்ட எட்டுப் பேரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் எல்லோரும் வெளியே வந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் மில் கேட்டுக்கு எதிரே ஓலைப் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். ஒரு மாதம் ஆகியும் முதலாளி அசையவில்லை. அரிசிப் பானை காலியானதும், பந்தலில் கஞ்சி காய்ச்ச தெருப் பெண்களைக் கூப்பிடலாம் என்று அப்பா ஒருநாள் வீட்டில் வந்து சொன்னார்.

"கஞ்சி காய்ச்ச மட்டும் நாங்க வேணுமாக்கும்?" என்றாள் அம்மா. "நாங்க சுத்துற ரோலு தெனமும் வண்டி வண்டியாப் போகுது. அந்தத் தெம்புலதான் உங்க மொதலாளி அசையாம இருக்காரு. நாங்க கைய நிறுத்துனாத்தான் அவருக்கு உறைக்கும்."

"நிறுத்துங்களேன். யாரு வேண்டாம்னா?"

"சும்மா நிறுத்துவோமா? எங்க கூலிய உங்க கோரிக்கை நோட்டீசுல எழுதுங்க. பேச்சுவார்த்தைக்கு எங்க ஆளு ஒருத்தியும் வரணும்."

அப்பா சிரித்துவிட்டார். "வீட்டுல உக்காந்து சுத்துறதெல்லாம் ஒரு வேலையாட்டி?"

"இல்ல, பல்லாங்குழி. தெனமும் பதினாலு மணி நேரம் வெளையாடுதோம்."

அப்பாவிடம் ஒரு நல்ல குணம் உண்டு. வீட்டில் தோற்ற வாதத்தை வெளியே போய் ஜெயித்துவிடுவார். அம்மா சொன்னதையெல்லாம் தன் யோசனை மாதிரி நான்கு நாள் கமிட்டியில் நின்று பேசினார். பாதிப் பேர் எதிர்த்தார்கள். பொம்பளைகளை நம்பி இறங்கினால் பாதியில் கவிழ்த்துவிடுவார்கள் என்றார்கள். கடைசியில் சங்கச் செயலாளரே எங்கள் தெருவுக்கு வந்தார். ஒல்லியான மனிதர், சிரித்து நான் பார்த்ததில்லை.

"எழுதிட்டோம்மா. அஞ்சாவது கோரிக்கை உங்களோடது. பேச்சுவார்த்தைக்கு நீங்களே வாங்க" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "ஆனா ஒண்ணு. இந்தத் தெருவுல இருந்து ஒரு ரோலு வெளிய போனாலும் அன்னைக்கே அந்தக் கோரிக்கைய நோட்டீசுல இருந்து அடிச்சிருவேன். எங்க ஆளுகளுக்கு நான் பதில் சொல்லியாகணும்."

அன்று சாயங்காலம் குழாயடியில் பெண்கள் கூடினார்கள். தெலுங்கு பேசும் எதிர்வீட்டு அத்தை, சூடம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்யலாம் என்றாள். நல்ல யோசனைதான். ஆனால் மூலைவீட்டு மும்தாஜ் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். வேதக்கார வீட்டுப் பெண்கள் நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பைபிளில் கை வைக்கலாமென்றால் அதற்கு மற்றவர்கள் தயங்கினார்கள். எந்தச் சாமியைச் சாட்சிக்குக் கூப்பிடுவது என்பதிலேயே பொழுது போய்விடும் போலிருந்தது. அம்மா விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் மிஷினின் கைப்பிடி இருந்தது. அதைக் கழற்றி எடுத்து வந்திருந்தாள்.

"சத்தியத்த மீறலாம். இது இல்லாம மிஷினச் சுத்த ஏலுமா? எல்லாரும் கழட்டிட்டு வாங்க" என்றாள்.

இருபத்து மூன்று கைப்பிடிகளும் ஒரு சாக்கில் விழுந்தன. சாக்கை மில் சங்க ஆபீசில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். மறுநாளிலிருந்து பெண்கள் பந்தலில் கஞ்சித்தொட்டி வைத்தார்கள். சோழபுரத்துச் சம்சாரிகள் தங்கள் தோட்டத்துக் கத்திரிக்காயை மூட்டையாக அனுப்பினார்கள். எங்கள் தெருவுக்குத் துணி ஏற்றி வந்த வண்டி, ஏற்றி வந்தபடியே திரும்பிப் போனது. அடேயப்பா, அன்றைக்கு அம்மா நடந்த நடையைப் பார்க்கவேண்டுமே! பத்து நாளில் முதலாளி தரப்பிலிருந்து பேசலாம் என்று தகவல் வந்தது. பேச்சுவார்த்தை ஸ்ரீவில்லிபுத்தூரில் என்று முடிவானது. அம்மா தன் ஒரே நல்ல சேலையைத் துவைத்துக் காயப்போட்டாள்.

தண்ணீர் வரும் நேரத்துக்கு வீட்டில் ஆள் வேண்டும் என்பதால் அம்மா என்னை விட்டுவிட்டுப் பந்தலுக்குப் போவாள். தெருவே வெறிச்சோடிக் கிடக்கும். அப்படி ஒரு மத்தியானத்தில்தான் பேண்டேஜ் கம்பெனி ஏஜெண்ட் மொபெட்டில் வந்து எங்கள் வாசலில் நின்றார். எப்போதும் எனக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுக்கிறவர்தான். அன்று மிட்டாய் தரவில்லை. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தவிப்போடு நின்றார்.

"பாப்பா, மதுரைப் பக்கம் பஸ்ஸு கவுந்துருச்சு, தெரியுமா? எல்லாம் உன்னைய மாதிரிப் பிள்ளைக. ஆஸ்பத்திரில கட்டுப்போடத் துணி இல்ல. ரத்தம் நிக்க மாட்டேங்குது."

அம்மாவைக் கேட்கவேண்டுமே என்றேன்.

"உங்கம்மா பாவம், வாக்குக் குடுத்துட்டாவ. அவியள இழுத்துவிடாத. நீ என்ன கைப்பிடியா குடுத்த? உனக்குத்தான் தொடையில வச்சு உருட்டத் தெரியுமே. செய்யிற புண்ணியத்த வெளிய சொல்லக் கூடாது, பாத்துக்க."

அந்த மனிதர் சட்டம் தெரிந்தவர். எனக்கும் அது சரியென்று பட்டது. கைப்பிடி கொடுத்தது அம்மா. சங்கத்தில் இருப்பது அம்மா. நான் எந்தச் சாக்கிலும் எதையும் போடவில்லை. கிழிந்த குடையிலிருந்து ஒரு கம்பியை உருவி எடுத்து, ஏஜெண்ட் மொபெட்டில் கொண்டுவந்து கொடுத்த துணியைத் தொடையில் வைத்து உருட்டி உருட்டி மூன்று மத்தியானங்கள் ரோல் சுற்றினேன். தொடை கன்றிச் சிவந்துவிட்டது. ரத்தம் சிந்தும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு எரிச்சலைப் பொறுத்துக்கொண்டேன். ஏஜெண்ட் ஒவ்வொரு நாளும் வந்து பையில் அள்ளிக்கொண்டார். ஒரு ரோலை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "அச்சு அசலா உங்கம்மா கைதான்" என்றார். என் வாழ்க்கையில் அதுவரை யாரும் அப்படிப்பட்ட பாராட்டைச் சொன்னதில்லை. எல்லாம் இன்றைக்கே மதுரைக்குப் போய்விடும் என்றும் சொன்னார். நான் அன்று சந்தோஷமாகத் தூங்கினேன்.

இரண்டு நாள் கழித்து நான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது பந்தல் பக்கம் ஒரே கூச்சல் கேட்டது. குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். ரோட்டின் நடுவே பேண்டேஜ் கம்பெனி வேன் நின்றது. மறியலில் இருந்தவர்கள் அதை மறித்து, உள்ளே கிடந்த ஒரு சாக்கை இறக்கியிருந்தார்கள். செயலாளர் அதை அவிழ்த்துப் பந்தலுக்குள் பெஞ்சில் கொட்டினார். அரைச் சாக்கு ரோல். வெயிலில் பளீரென்று வெள்ளையாகக் கிடந்தது.

"யாரு வீட்டுச் சரக்கு இது?" என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

பெண்கள் கஞ்சித்தொட்டியைச் சுற்றி நின்றிருந்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. ஆண்கள் பக்கம் கொதித்தது. நாங்கள் அப்போதே சொன்னோமே என்றார்கள். அஞ்சாவதை அடி என்றார்கள். யாரோ ஒருவர் மும்தாஜ் அக்காவைக் கைகாட்டினார். "இவளாத்தான் இருக்கும். புருசன் கால் ஒடிஞ்சு கெடக்கான். பந்தலுக்கும் ஒழுங்கா வர்றதில்ல. இவிய ஆளுகள நம்புனா இப்படித்தான்."

மும்தாஜ் அக்கா கையிலிருந்த அகப்பையோடு அவர்கள் பக்கம் திரும்பினாள். "என் புள்ள மேல ஆணையா நான் தொடலைண்ணே. அவருக்குப் படுக்கையிலயே எல்லாம் பாக்கணும், அதான் செத்த நேரம் வந்துட்டு ஓடுதேன்" என்றாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. அவள் பேசுவதைக் காதில் வாங்க ஆள் இல்லை. இரண்டு பேர் அவள் வீட்டைச் சோதனை போடுவோம் என்று கிளம்பினார்கள். எதிர்வீட்டு அத்தை குறுக்கே போய் நின்று தெலுங்கில் கத்தினாள். பெண்கள் ஒருபக்கம், ஆண்கள் ஒருபக்கம் என்று பந்தல் இரண்டாகப் பிரிந்தது. கேட்டுக்கு உள்ளிருந்து மில் மேனேஜர் சாவகாசமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு என்னைப் பற்றிய பயம் இல்லை. என் ரோல்களெல்லாம் மதுரைக்குப் போய், எத்தனையோ பிள்ளைகளின் கையிலும் காலிலும் கட்டியாகிவிட்டது. இவை வேறு யாரோ சுற்றியவை. மும்தாஜ் அக்கா இப்படிச் செய்துவிட்டாளே என்று எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது.

அப்போது அம்மா பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்தாள். ஒரு ரோலை எடுத்துத் திருப்பினாள். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகியபடி ஓடி வந்திருந்த நான், தொடை தெரிய நின்றுகொண்டிருந்தேன். அம்மா வெகுநேரம் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது.

"அந்தப் புள்ளைய விடுங்க. இது என் கை" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். ஆமாம், வெற்றிலை மடிப்பு. அம்மாவின் மடிப்பேதான். ஐயோ, அம்மாவா!

அப்பா அதுவரை பெண்கள் பக்கம் நின்று தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தவர், நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். செயலாளர் பாக்கெட்டிலிருந்து நோட்டீசை எடுத்தார். பேனாவையும் எடுத்தார்.

"தப்பு நான் செஞ்சது. என்னைய வெளிய தள்ளுங்க, பேச்சுவார்த்தைக்கு நான் வரல" என்றாள் அம்மா. குரல் பிசிறவில்லை. "இருவத்திரெண்டு பேரு பாடுபட்டுருக்காக. அவிய கூலிய அடிக்காதீக."

செயலாளரின் பேனா அப்படியே நின்றது. யாரும் எதிர்பாராமல் மும்தாஜ் அக்கா, அதுவரை அழுதுகொண்டிருந்தவள், அகப்பையோடு முன்னே வந்தாள். "அண்ணே, போன வாரம் உங்காளுக ரெண்டு பேரு பின்வாசல் வழியா மில்லுக்குள்ள வேலைக்குப் போனாகளே. அதுக்காக உங்க நாலு கோரிக்கைய அடிச்சீகளா? எங்களுக்கு மட்டும் ஒரு ஆளு தப்புப் பண்ணுனா எல்லாருக்கும் தண்டனையா?"

கொஞ்சம் முன்பு அவளைக் கைகாட்டியவர் தலையைச் சொறிந்தார். செயலாளர் நோட்டீசையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை மூடினார். "அப்ப நீயே பேச்சுவார்த்தைக்கு வாம்மா" என்றார் அவளிடம். அம்மாவை அவர் பார்க்கவில்லை. வேனை விட்டுவிடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த அரைச் சாக்கை வைத்து எந்தக் கம்பெனியும் ஒரு நாள்கூட ஓடாது. அது எல்லோர் கண்ணிலும் படவேண்டும், அவ்வளவுதான் அந்த ஏஜெண்டுக்கு வேண்டியது. ஊரைச் சுற்றிப் போக வேறு ரோடு இருக்க, வேன் பந்தலுக்கு முன்னால் வந்ததே அதற்காகத்தான். இதெல்லாம் எனக்குத் தெரிய எத்தனையோ வருஷம் ஆனது. நான் காலேஜ் முடித்த பிறகு ஒருநாள் மும்தாஜ் அக்காதான் சொன்னாள். அன்றைக்குப் பெஞ்சில் கிடந்ததைப் பார்த்ததுமே பெண்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டதாம். "மடிப்பு உங்கம்மாது. ஆனா உங்கம்மா சுத்துனா கல்லு மாதிரி இருக்கும். அது பொதபொதன்னு கெடந்துச்சு. சின்னப்பிள்ள கை." இருபத்து மூன்று பேருக்கும் தெரியும். தன்னைத் திருடி என்றபோதுகூட மும்தாஜ் அக்கா என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், பிள்ளைகளை விட்டுச் சுற்றவைத்துவிட்டு நாடகம் ஆடுகிறார்கள் என்று ஆண்கள் ஒட்டுமொத்தமாகப் பெண்கள்மேல் பாய்ந்திருப்பார்கள். எந்த வீட்டில்தான் பிள்ளைகள் சுற்றவில்லை? பழி தன் ஒருத்தியோடு போகட்டும் என்று அம்மா நினைத்தாள். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு அதை ஒப்புக்கொண்டார்கள். அப்பாவுக்கு இது தெரியுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கத் தைரியம் வரவில்லை.

ஆனால் அன்று எனக்கு இருந்தது பத்து வயது மூளை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவைக் கேட்டேன். "நீ சுத்துனியாம்மா?"

"ஆமாட்டி. தட்டை எடு, சாப்பிடு" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. தேங்காயெண்ணெயைச் சூடாக்கி, குளித்துவிட்டு வந்த என் தொடையில் தடவிவிட்டாள். எங்கே கன்றியது என்றுகூடக் கேட்கவில்லை. அதுவும் எனக்குச் சௌகரியமாகப் போயிற்று. மறுநாளிலிருந்து என்னை வீட்டில் விடாமல் பந்தலுக்கு இழுத்துப் போய்க் கண் பார்வையிலேயே உட்கார்த்தி வைத்தாள். தப்புச் செய்தது இவள், தண்டனை எனக்கா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அப்பா பல நாள் அம்மாவிடம் பேசவில்லை. பந்தலில் ஆண்கள் அம்மா ஊற்றிய கஞ்சியை வாங்காமல், பக்கத்தில் நின்றவளிடம் தட்டை நீட்டினார்கள். நானும் அங்கேயே போய் நீட்டினேன்.

பேச்சுவார்த்தை மூன்று தடவை நடந்தது. மூன்றாவது தடவை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆட்கள் லாரியில் பாட்டுப் பாடிக்கொண்டு திரும்பி வந்தார்கள். எட்டுப் பேருக்கும் வேலை, ஷிப்ட் பழையபடி, ரோல் கூலி உயர்வு. அஞ்சாவது கோரிக்கையிலும் முதலாளி கையெழுத்துப் போட்டிருந்தார். மில் சங்கத்துக் கொடிக்குப் பின்னால் குழாயடிச் சங்கத்துப் பெண்களும் தெருவில் ஊர்வலமாக நடந்தார்கள். கேலிப்பெயர் வைத்த ஆண்களே "குழாயடிச் சங்கம் வாழ்க" என்று கத்தினார்கள். மும்தாஜ் அக்காவின் கழுத்தில் மாலை. நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு பெருமை எனக்கு!

அம்மா ஊர்வலத்தில் இல்லை. சைக்கிள் கடை ஓரமாக, துவைத்து வைத்திருந்த அந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு தனியாக நின்றிருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. என்னைப் பார்த்ததும் வா என்று கையை நீட்டினாள்.

நான் பார்க்காதது மாதிரி திரும்பிக்கொண்டேன்.

"ஏட்டி, அம்மா கூப்புடுதாக பாரு, போ" என்றாள் மும்தாஜ் அக்கா.

"போக மாட்டேன். அவுகதான சங்கத்துக்குத் துரோகம் பண்ணுனாக" என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை. சைக்கிள் கடைவரை கேட்கட்டும் என்றேதான் சொன்னேன்.

மும்தாஜ் அக்கா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். அவள் ஏன் அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அவள் கையைத் தள்ளிவிட்டு, அதையே இன்னும் சத்தமாக இன்னொரு முறை சொன்னேன்.